ஏரி மேய்ப்பவர் தேவை

தை பிறந்து, பொங்கல் பானையின் அடிப்பிடிப்பைப் பாதி வீடுகளில் இன்னும் ஊறப்போட்டிருந்த ஒரு காலையில், வெண்பாக்கூர் ஏரி தான் படுத்திருந்த இடத்தைவிட்டு எழுந்து, கரையை ஒரு ஓரமாகத் தாண்டி, நிறைமாதக்காரி நடக்கிற நிதானத்தில் வயல்வெளியோடு நடந்து, வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த சுலோச்சனா தட்டச்சுப் பயிலகத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. மதகும் கரையும் கரைமேலிருந்த பனைமரங்களும் பழைய இடத்திலேயே நின்றன. தண்ணீரும் மீனும் அல்லியும், அல்லி இலைமேல் நின்றிருந்த ஒரு நீர்க்கோழியும்தான் கிளம்பிப் போயின. கரையில்லாத ஏரி எப்படிச் சிந்தாமல் நிற்கிறது என்று யாராவது கேட்டிருக்கலாம். எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. ஏரி இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள், ஏனென்றால் எருமையைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது.

பயிலகத்தின் சொந்தக்காரி சுலோச்சனா மேடம் அந்த நேரம் டைப்ரைட்டர் ரிப்பன் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். பஸ்ஸைவிட்டு இறங்கி, தன் பயிலகமும் அதன் மாடியிலிருந்த வீடும் இருந்த இடத்தில் அலை அடிப்பதைப் பார்த்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்மேல் உட்கார்ந்து, "சாயங்காலம் லோயர் பேட்ச் இருக்குதே" என்றார். சாயங்காலம் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தண்ணீருக்கு அடியிலிருந்து டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. கெண்டையும் கெளுத்தியும் போய் எழுத்துக்கட்டைகளை முட்டுகின்றன என்று தெரிந்ததும் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். மீனுக்கு ஸ்பீடு நம்மைவிட அதிகம் என்று லோயர் பேட்ச் பிள்ளைகள் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்கள். சில நாள் கழித்து ஏரி அங்கிருந்து எழுந்தபோது கட்டடம் நனைந்த கோழியாக அப்படியே நின்றது, ஆனால் டைப்ரைட்டர்களும் மேடத்தின் பீரோவும் ஏரியோடேயே போய்விட்டன. அன்றிலிருந்து மேடமும் ஏரியோடேயே போனார்.

அதற்குப் பிறகு ஏரி ஒரு இடத்தில் தரிக்கவில்லை. ஒரு வாரம் மாரியம்மன் கோயில் தோப்பில் கிடக்கும், மறுவாரம் பள்ளிக்கூட மைதானத்தில் கிடக்கும், திடீரென்று நினைத்துக்கொண்டு ஆசைத்தம்பியின் கல்யாண மண்டபத்துக்குள் புகுந்து பந்தி நடக்கும்போது இலைகளைத் தூக்கிக்கொண்டு போகும். ஊரும் அதற்கேற்ப நடந்துகொண்டது. ஏரிக்கரை டீ ஸ்டாலின் முதலாளி, பெயரை மாற்ற மனமில்லாமல், கடையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் பின்னாலேயே சுற்றினார். டவுன் பஸ் கண்டக்டர் காலையில் முதல் ட்ரிப்பிலேயே "ஏரி எங்கப்பா?" என்று விசாரித்துவிட்டுத்தான் டிக்கெட் கிழித்தார். கல்யாணப் பத்திரிகைகளில் முகூர்த்த நேரத்துக்குக் கீழே "ஏரியின் வருகைக்கு உட்பட்டது" என்று ஒரு வரி சேர்ந்தது. லேக் வியூ நகரில் மனை வாங்கி, ஜன்னலைத் திறந்தால் வெறும் பொட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், வைகாசியில் ஏரியே வந்து மனைகள்மேல் ஏறி உட்கார்ந்தபோது, காட்சி மட்டும்தானே கேட்டோம் என்று சண்டைக்குப் போனார்கள். பாத்திரத்தைத் தேய்க்காமல் வாசலில் போட்டுவைத்து, ஏரி இந்தப் பக்கமாக வரட்டும் என்று காத்திருக்கிற சோம்பேறித்தனமும் சில வீடுகளில் வந்தது. பழைய ஏரியின் வயிற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.

இதில் மனசளவில் அதிகம் நொந்துபோனவர் ஏரி நீர்ப்பாசனச் சங்கத்தின் தலைவர் தணிகாசலம். சார்பதிவாளர் அலுவலகத்தில் சூப்பரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருஷம் அவர் கைபட்டுப் போன பத்திரங்களில், நான்கெல்லை எழுதும் இடத்தில், பாதிக்குப் பாதி "மேற்கே ஏரி" என்றுதான் இருக்கும். இப்போது ஏரி கிழக்கே வரும், தெற்கே போகும், ஒருநாள் பத்திரத்தில் சொன்ன மனையின் நடுவிலேயே இருக்கும். ஆட்கள் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து, "சூப்பரண்டு சார், என் மனை இப்ப எங்க இருக்குது?" என்று கேட்டார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏரி எங்கே போனாலும் அதைத்தான் மேற்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கம் சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டு போனார்கள். முப்பத்தொரு வருஷ அனுபவஸ்தர் சொன்னால் யார் மறுப்பார்கள்?

எங்கள் ஊரைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். வெண்பாக்கூரில் ஒருவனுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை வருஷம் என்றுதான் கேட்போம். வீட்டு வாசல் பலகையில் பெயருக்குக் கீழே வருஷத்தைப் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். முடிவெட்டுகிற கடையில் போடுவோம், பல் பிடுங்குகிற இடத்தில் போடுவோம், பெண் பார்க்கப் போனால் மாப்பிள்ளையின் சம்பளத்துக்கு முன்னால் சர்வீஸைச் சொல்வோம், விருந்தில் முதல் இலை சர்வீஸ் அதிகமானவருக்குத்தான். பஸ் ஸ்டாண்டில் பர்ஸ் அடிக்கிற கிட்டான்கூட இருபது வருஷத்துக்கு மேல் ஆனதால் கொஞ்சம் மரியாதையோடுதான் அடிவாங்கினான். தணிகாசலத்தின் வாசலில் "31 ஆண்டுகள்" என்று பித்தளையில் இருந்தது. எதில் முப்பத்தொன்று என்று அதில் இல்லை, எவரும் கேட்டதுமில்லை.

கேட்டவள் ஒருத்திதான், அவர் மனைவி கோமளா. "முப்பத்தொரு வருஷமா நானும்தான் ரவை உப்புமா கிண்டறேன், ஒருநாள் கட்டி தட்டாம வந்திருக்குதா? தலைவரா போட்டாங்களா என்னை?" என்று கேட்பாள். தணிகாசலம் உப்புமாவைச் சாப்பிடுவார். உள்ளுக்குள் அவருக்கும் சிரிப்புத்தான் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் கற்றுக்கொண்டதை மிச்ச முப்பது வருஷமும் திருப்பித் திருப்பிச் செய்த ஆள் அவர், அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பலகையை வாரத்துக்கு ஒருமுறை புளி போட்டு விளக்கினார்.

ஆடி மாசத்தில் விஷயம் முற்றியது. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓடத்தூர், எப்போதும் தண்ணீருக்கு அலைகிற ஊர், ஏரி நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் இருக்கிற பொட்டலை எல்லாம் வெட்டிப் பள்ளமாக்கி, பாய் விரித்துவைத்த மாதிரி வைத்துக்கொண்டு, லைன் ஓரத்தில் "வருக வருக" என்று ஒரு வளைவும் கட்டிவிட்டது. ஏரி லைனைத் தாண்டிவிட்டால் தீர்ந்தது. எங்கள் கிணறுகள் எல்லாம் ஏரி ஊற்றில்தான் நிற்கின்றன, ஏரி எங்கே நடந்தாலும் ஊர் எல்லைக்குள் இருக்கும்வரை கிணற்றில் தண்ணீர் இருந்தது. தணிகாசலத்தின் கொல்லைக் கிணறும் அப்படித்தான். அந்தக் கிணற்றை நம்பித்தான் அவர் மூன்று ஏக்கர் நெல் வைத்திருந்தார், கோமளா இரண்டு மாடு வைத்திருந்தாள். ஏரி போனால் ஊரே சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

சங்கம் கூடியது. ஏரியை மேய்க்க ஒரு ஆளைப் போடுவது என்று முடிவானது. தணிகாசலம் தன் கையால் விளம்பரம் எழுதி, பஸ் ஸ்டாண்டிலும் பால் சொசைட்டியிலும் ஒட்டச் சொன்னார்: ஏரி மேய்ப்பவர் தேவை, குறைந்தபட்சம் இருபத்தைந்து ஆண்டு அனுபவம் அவசியம்.

கோமளா அதை வாசித்துவிட்டு, "ஏங்க, ஏரி நடக்க ஆரம்பிச்சதே இந்தத் தையிலதானே?" என்றாள்.

"அதுக்குத்தான் குறைந்தபட்சம்னு போட்டிருக்குது" என்றார் தணிகாசலம்.

நேர்காணல் ஆசைத்தம்பியின் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலிகளில் தணிகாசலமும், சங்கத்தின் பொருளாளரான ஆசைத்தம்பியும் உட்கார்ந்தார்கள். வருஷத்துக்கு ஒரு மதிப்பெண் என்று ஏற்கெனவே பேசிவைத்திருந்தார்கள், அதனால் கேள்வி என்று பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வந்து, ஏரிக்கு என்ன தழை போடுவீர்கள் என்று இவர்களைக் கேட்டார். போக்குவரத்துப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர், வாயில் விசிலோடு வந்து, நிறுத்துகிற வேலை எனக்கு அத்துப்படி, நகர்த்துகிற வேலைதான் கொஞ்சம் பழகணும் என்றார். ஒரு யானைப் பாகன் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிடித்துக்கொள்ளக் காது இல்லை என்று சொல்லி வண்டியேறிப் போனார். கடைசியில் வந்தவர் எல்லப்பன். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து, அந்த ஏரியின் மதகையே முப்பத்தெட்டு வருஷம் திறந்து மூடியவர். இப்போதும், ஏரி இல்லாத கரைக்குத் தினமும் போய், மதகைத் திறந்து மூடிவிட்டு வருபவர். முப்பத்தெட்டு என்றதும் ஆசைத்தம்பி எழுந்து நின்றே மதிப்பெண் போட்டார்.

அப்போதுதான், கணுக்கால்வரை சேறும் புடவையில் பாசி நாற்றமுமாகச் சுலோச்சனா மேடம் உள்ளே வந்தார்.

"சர்டிபிகேட் எல்லாம் எங்கம்மா?" என்றார் ஆசைத்தம்பி.

"பீரோவுல. பீரோ ஏரிக்குள்ள."

"அனுபவம்?"

"தையிலிருந்து."

ஆசைத்தம்பி விரல்விட்டு எண்ணிப் பார்த்து, பெருந்தன்மையாக ஒன்று போடலாம் என்று தணிகாசலத்தின் காதில் சொன்னார். மேடம் அதைக் கவனிக்கவில்லை. மேஜையிலிருந்த டம்ளரைச் சாய்த்துக் கொஞ்சம் தண்ணீரைக் கொட்டினார். அது மேஜைமேல் ஒரு வட்டமாக உப்பி நின்றது. மேடம் அதன் ஓரத்தில் விரலை வைத்து மெல்ல இழுத்தார். விரல் போன வழியே தண்ணீர் போனது, வளைத்தால் வளைந்தது, நின்றால் நின்றது.

"காய்ஞ்ச இடத்தைக் கண்டா தண்ணி தயங்கும். ஈரத்தைக் கண்டா நம்பும். பின்னால நின்னு வெரட்டினா அது பரவுமே தவிர நடக்காது. முன்னால போய் ஈரம் காட்டணும், ஒரு குடம் போதும். கெளம்பறதுக்கு முன்னால மீனெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கும், எந்தப் பக்கம் ஒதுங்குதோ அந்தப் பக்கம்தான் எழுந்திருக்கும். துணி தொவைக்கிற சோப்பு பட்டா தூங்கிடும். திரும்பறதுக்கு நாலு காணி எடம் வேணும், சந்துல விட்டுத் திருப்பினா ஒடைஞ்சிடும். இதெல்லாம் அதும்பின்னால அலைஞ்சு, தப்புத் தப்பா பண்ணிப் பார்த்து, எட்டுத் தடவை முழுசா நனைஞ்சு தெரிஞ்சுக்கிட்டேன். இந்த ஜில்லாவுல இது தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நீங்க எனக்கு மார்க் போடறதே எனக்குச் சிரிப்பா இருக்குது."

பணிவு என்பது அந்த அம்மாளிடம் மருந்துக்கும் கிடையாது. ஆனால் தணிகாசலத்துக்குக் கோபம் வரவில்லை, கைமுடி சிலிர்த்துக்கொண்டது. மேஜைமேல் விரலுக்குப் பின்னால் போன அந்தத் தண்ணீரைப் பார்த்ததுமே, இவள்தான் ஆள் என்று அவருக்கு ஐயம் திரிபற விளங்கிவிட்டது. சொல்ல வாயைக்கூடத் திறந்தார். திறந்த வாய்க்குள் ஒரு பயம் புகுந்தது. ஏழு மாசத்தில் ஒருத்தி இவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்றால், முப்பத்தொரு வருஷத்தில் நான் என்னத்தைத் தெரிந்துகொண்டேன் என்று நாளைக்கு எவனாவது கேட்பானே. எல்லப்பனைப் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். தணிகாசலம் திறந்த வாயால் கொட்டாவி விட்டு, ஒன்று என்று மதிப்பெண் போட்டார். மேடம் முந்தானையால் மேஜையைத் துடைத்துவிட்டு இறங்கிப் போனார்.

எல்லப்பனுக்கு மாலை போட்டு, தோளில் துண்டு போட்டு, ஊர் எல்லையில் தேங்காய் உடைத்து வேலையில் அமர்த்தினோம். அவர் நல்ல மனுஷன், அதைச் சொல்லியாக வேண்டும். மதகின் இரும்புத் திருகுகோலைத் தோளில் சாத்திக்கொண்டு காலையிலேயே ஏரிக்குப் பின்னால் போய் நிற்பார். ஏரி நகர்ந்தால், திருகுகோலைக் காற்றில் பிடித்து மூடுகிற பக்கமாகச் சுற்றுவார். அது நிற்காது. நின்றால் திறக்கிற பக்கமாகச் சுற்றுவார். அது நகராது. இரண்டு கையாலும் சூசூ என்று விரட்டினால், ஏரி மேடம் சொன்ன மாதிரியே பக்கவாட்டில் பரவி, யார் வீட்டு அடுப்பையாவது அணைத்தது. நாங்கள் எல்லாரும் ஏரிக்குப் பின்னால் எல்லப்பனோடு நின்றுகொண்டு, போகப்போகச் சரியாகிவிடும், அனுபவம் பேசும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

பேசவும் செய்தது. புரட்டாசியில் ஒரு பகலில், ஏரி எழுந்து, இடமும் வலமும் அலையாமல், எவர் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்காமல், கோடு போட்ட மாதிரி நேராக நடக்க ஆரம்பித்தது. ஊரே கூடிவிட்டது. பார்த்தீர்களா, முப்பத்தெட்டு வருஷம் என்றால் சும்மாவா என்று ஆசைத்தம்பி எல்லாரிடமும் சொன்னார், மண்டபத்திலிருந்து மேளக்காரர்களைக் கூட்டிவந்து ஏரிக்குப் பின்னால் வாசிக்கவிட்டார். தணிகாசலத்துக்கு அன்று நடையே மாறிவிட்டது. நேர்காணல் நாளிலிருந்து தொண்டையில் முள்ளாக நின்றது இறங்கிவிட்டதென்று நினைத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் எல்லப்பன் கையைப் பிடித்தார்.

எல்லப்பன் முகம் மட்டும் செத்துக் கிடந்தது. "அண்ணா, நான் ஒண்ணுமே பண்ணலை" என்றார். "சத்தியமா பண்ணலை. எனக்கு உக்காந்திருந்த ஏரியத்தான் தெரியும். நடக்கிற ஏரி எனக்கும் புதுசுதான். அன்னிக்கே சொல்லியிருப்பேன், மாலைய போட்டுட்டீங்க."

"அப்ப யாரு ஓட்டறது?"

"யாராச்சும் முன்னால போய்ப் பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. இத்தனை மாசத்தில் வெண்பாக்கூரில் ஒருவர்கூட ஏரிக்கு முன்னால் போனதில்லை. தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஏரியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போவதென்றால் லேசுப்பட்ட காரியமில்லை. வரப்பில் வழுக்கி, முள்ளில் மாட்டி, வாய் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள அவர் போய்ச் சேர்ந்தபோது, ஏரியின் முகம் ரயில்வே கேட்டைத் தொட்டுவிட்டிருந்தது. கேட்கீப்பர் கேட்டைத் திறந்துவைத்துவிட்டு, ஏரி போன பிறகுதான் பாசஞ்சர் என்று அந்தண்டை நின்ற வண்டிக்குக் கொடி காட்டிக்கொண்டிருந்தார். ஏரிக்கு முன்னால், இடுப்பில் ஒரு பித்தளைக் குடத்தைச் சாய்த்து, நூல் மாதிரித் தண்ணீர் விட்டுக்கொண்டு, பின்பக்கமாக அடியெடுத்துவைத்து, சுலோச்சனா மேடம் போய்க்கொண்டிருந்தார். ஏரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, கன்றுக்குட்டி மாதிரி, அந்த ஈரத்தின்மேலேயே போய்க்கொண்டிருந்தது.

"மேடம், என்ன இது?" என்றார் தணிகாசலம்.

"வேலை. ஓடத்தூர்ல போட்டிருக்காங்க."

"அவங்க எவ்வளவு அனுபவம் கேட்டாங்க?"

இந்த நிலைமையிலும் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்விதான் வந்தது. நினைக்க நினைக்க அவருக்கே பிற்பாடு வெட்கமாக இருந்தது.

"எப்படிக் கூட்டிட்டு வருவேன்னு கேட்டாங்க. செஞ்சு காட்டினேன். அதேதான் உங்களுக்கும் காட்டினேன்."

"தெரியும்மா. எனக்கு அன்னிக்கே தெரியும்."

மேடம் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "தெரிஞ்சா ஒண்ணு போட்டீங்க?" என்றார். தணிகாசலம் கையைக் கூப்பினார். "திருப்பிடும்மா, உன் கால்ல வேணா விழறேன்" என்றார். மேடம் வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார், வாக்கு இல்லாவிட்டாலும் இங்கே திருப்ப முடியாது, தலை ஜல்லிமேல் ஏறிவிட்டது, திரும்ப இடமில்லை என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே இருக்கும்போது குடத்தின் நூல் அறுந்து சொட்டாகியது. மண்தரையில் ஒரு குடம் வெகுதூரம் வரும். தண்டவாள ஜல்லியிலோ ஊற்ற ஊற்றக் கீழே இறங்கியது. குடம் மொள்ள அவர் குனிந்தால் ஈரக்கோடு காய்ந்துவிடும். கோடு காய்ந்தால் ஏரி நின்றுவிடும். உதவிக்கு வரவேண்டிய ஓடத்தூர்க்காரர்கள் வளைவுக்கு அடியில் ஆரத்தித் தட்டோடு வரிசையாக நின்றார்கள், தட்டை வைத்துவிட்டு வர ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களும் எங்களைப் போலத்தான்.

அதற்குள் எங்கள் ஆட்களும் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். "கோட்டை அழிச்சிடுங்க சூப்பரண்டு, காலால தேய்ச்சு விடுங்க, நின்னுடும்" என்று ஆசைத்தம்பி கத்தினார். அது உண்மை. ஒரு கால் வைத்தால் போதும். தணிகாசலம் காலைத் தூக்கினார்.

"வெச்சா என்ன ஆகும்மா?" என்று கேட்டார்.

"ஜல்லிக்குள்ள எறங்கிடும். அவங்களுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை."

அவர் ஏரியைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் மேற்கே, மேற்கே என்று எழுதியவர், அதன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தார். ஓரத்தில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது, முதல் ஜல்லிகளுக்கிடையில் அது உள்ளே இறங்க ஆரம்பித்திருந்தது, மீன்கள் எல்லாம் முன்பக்கமாக வந்து முண்டின. தூக்கிய காலை எடுத்து வேறு பக்கம் வைத்து, கேட்கீப்பரின் அறை வாசலில் இருந்த பிளாஸ்டிக் குடத்தைப் பிடுங்கி, ஏரியில் முக்கி மொண்டு, மேடத்தின் கையில் கொடுத்தார். மேடம் காலிக் குடத்தை நீட்டினார். அவர் அதையும் மொண்டு கொடுத்தார். ஒரு தண்டவாளம் தாண்டியது, இன்னொன்று தாண்டியது. பின்னால் ஆசைத்தம்பி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார், மேளக்காரர்கள் நிறுத்தும்படி யாரும் சொல்லாததால் வாசித்துக்கொண்டே இருந்தார்கள், தணிகாசலம் மூச்சிரைக்க மொண்டு மொண்டு கொடுத்து, தன் ஊர் ஏரியைத் தன் கையாலேயே அடுத்த ஊருக்கு அனுப்பிவைத்தார். கடைசித் தண்ணீரும் கடந்த பிறகு அவர் ஜல்லிமேல் உட்கார்ந்து அழுதார். பாசஞ்சர் வண்டி கூவிவிட்டுப் போனது.

மறுநாள் சங்கம் கூடி, தலைவரை என்ன செய்வது என்று பேசியது. ஏரியை மீட்கத் தகுந்த ஆளைப் போட வேண்டும் என்றார் ஒருவர். அதற்கு ஏரி விஷயத்தில் முன் அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஏரியைத் தொலைத்த அனுபவம் இந்த வட்டாரத்திலேயே தணிகாசலத்துக்குத்தான் இருக்கிறது என்று மூன்றாமவர் எடுத்துச் சொன்னதும், கோபமாக வந்தவர்கள்கூடக் கைதட்டி அவரையே மறுபடி தலைவராக்கப் பார்த்தார்கள். எங்களைத் திருத்த முடியாது. தணிகாசலம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஐப்பசியில் மழை ஏமாற்றியது. ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக அடிமண்ணைக் காட்டின. கோமளா மாடுகளைத் தங்கை வீட்டுக்கு ஓட்டிவிட்டாள். வயலில் நெல் பால் பிடிக்கிற சமயத்தில் கருகி நின்றதைப் பார்த்துவிட்டு வந்து, குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

ஓடத்தூரில் ஏரி நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் பெருத்தும் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள் நேராகத் துறைக்கு இறங்கப் போனார்கள். அங்கே குடங்களோடு நீளமாக ஒரு வரிசை நின்றது. எல்லப்பன் அதைத் தாண்டி முன்னால் போய், "இது எங்க ஏரிம்மா, முப்பத்தெட்டு வருஷம் இதுக்கு மதகு திறந்தவன் நான்" என்று அங்கே நின்றிருந்த ஒரு அம்மாளிடம் சொன்னார்.

"அப்படிங்களா. அப்ப அது ஏன் உங்களவிட்டு வந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்" என்றாள் அவள், வெகு மரியாதையாக. எல்லப்பன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார்.

அந்த நேரம் சுலோச்சனா மேடம் கரையோரமாக வந்தார், தண்ணீரில் கையைவிட்டு மீன்கள் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன என்று பார்த்துக்கொண்டே. தணிகாசலத்தைப் பார்த்ததும் தலையசைத்தார். லைன்மேல் குடம் மொண்டு கொடுத்ததை நினைத்தாவது இவரை முன்னால் விடுங்கள் என்று சொல்வார் என்று தணிகாசலம் ஒரு நிமிஷம் எதிர்பார்த்தார். அவர் சொல்லவில்லை, வேலையைப் பார்த்துக்கொண்டு போனார். தணிகாசலத்துக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. வரிசை நெடுகிலும் நடந்து, கடைசி ஆளுக்குப் பின்னால் போய், குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

முன்னால் நின்ற பெண் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த லைனுக்குப் புதுசுங்களா?"

"ஆமாம்மா" என்றார் தணிகாசலம். "புதுசுதான்."